உறுதி என்றால் எது? தகைவு, திரிபு, விறைப்பு: ஓர் எளிய அறிமுகம்

"ஒரே ஸ்ட்ரெஸ்" என்று யாராவது சொல்லாத நாள் குறைவு. கண்ணுக்கு ஸ்ட்ரெயின், கழுத்துக்கு ஸ்ட்ரெயின், மனசுக்கு ஸ்ட்ரெஸ். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதுபோலப் பேசிப் பழகிவிட்டோம். அப்புறம் மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் அதே சொற்கள் தகைவு, திரிபு என்ற பெயரில் வந்து நிற்கும்போது, ஒன்றின் சூத்திரத்தை இன்னொன்றுக்கு எழுதிவிட்டு வருகிறோம்.

இதைவிடப் பெரிய குழப்பம் 'உறுதி' என்ற சாதாரணச் சொல்லில் இருக்கிறது. கண்ணாடி உறுதியானதா? விரலால் வளைக்க முடியவில்லை; உறுதிதான். கீழே போட்டால் நொறுங்குகிறது, அப்படியானால் உறுதியில்லை. ரப்பர்? இழுத்த இழுப்புக்கு வருகிறது, ஆனால் எத்தனை தடவை தரையில் போட்டாலும் உடையாது. ஒரே சொல்லால் இவற்றையெல்லாம் அளக்கப் போனால் விடை மாறி மாறித்தான் வரும். இயற்பியல் அந்தச் சொல்லைப் பிரித்து, விறைப்பு, வலிமை, மீட்சி என்று தனித்தனிப் பெயர் கொடுத்திருக்கிறது. பிரிப்பதற்கு உதவும் இரண்டு கருவிகள்தான் தகைவும் திரிபும்.

தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும்

ஒரே உலோகத்தில் இழுத்த இரண்டு கம்பிகள். ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. இரண்டிலும் ஒரே எடையைத் தொங்கவிடுகிறோம். மெல்லியது அறுந்துவிடுகிறது, தடித்தது அசையாமல் நிற்கிறது. தடித்த கம்பியின் உலோகம் தரமானது என்று சொல்லலாமா? கூடாது, உலோகம் ஒன்றேதான். நாம் ஒப்பிட்டது தடிமனை. பொருளின் குணத்தை அல்ல.

ஒரு பெரிய பாறாங்கல்லை ஆட்கள் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தூக்கினால் ஒவ்வொரு தோளும் நசுங்கும். பத்துப் பேர் தூக்கினால் அவ்வளவு தெரியாது. கல்லின் எடை மாறவில்லை, ஒரு தோளுக்கு வரும் பங்கு மாறிவிட்டது. ஆள் தாங்குவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது அந்தப் பங்குதான்.

கம்பியிலும் இதே கதை. கம்பியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டத்தின் பரப்புக்குக் குறுக்குவெட்டுப் பரப்பு என்று பெயர். அதுதான் தோள்களின் எண்ணிக்கை. விசையை அந்தப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு.

தகைவு = விசை ÷ குறுக்குவெட்டுப் பரப்பு

இதன் அலகு பாஸ்கல். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன். நூறு கிராம் எடையுள்ள ஒரு பொருளை ஒரு சதுர மீட்டர் முழுக்கத் தூவிவிட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு. திடப்பொருள்களின் உலகத்தில் இது மிகவும் சின்ன அலகு. அங்கே பேச்சு எல்லாம் மெகாபாஸ்கலில், அதாவது பத்து லட்சம் பாஸ்கலில். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்குகளில் பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. கம்பியின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் தகைவு பாதியாகாது, கால் பங்காகும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதுதான் காரணம். தேர்வுகளில் மதிப்பெண் கசிந்துபோகும் ஓட்டை இது.

தகைவு எங்கே இருக்கிறது?

தகைவை வெளியிலிருந்து கொடுக்கும் விசை என்று நினைப்பவர்கள் ஏராளம். வெளியே இருப்பது இழுப்பு மட்டுமே. தகைவு பொருளுக்குள் இருக்கிறது. தமிழ்ச் சொல்லே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது: தகைதல் என்றால் தடுத்தல், எதிர்த்து நிறுத்துதல். இழுப்பை எதிர்த்துக் கம்பியின் ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதே, அந்தப் பிடியின் அளவுதான் தகைவு. இலங்கைப் பாடநூல்களில் இதையே தகைப்பு என்பார்கள். திரிபை விகாரம் என்பார்கள்.

உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? கற்பனையில் வெட்டித்தான். எடை தொங்கும் கம்பியை நடுவில் எங்காவது வெட்டியதாக நினையுங்கள். கீழ்த்துண்டு விழுந்துவிடும். விழாமல் இருக்க வேண்டுமென்றால் வெட்டுமுகத்தில் மேல்நோக்கி ஒரு விசை கொடுக்க வேண்டும். வெட்டாத கம்பியில் அந்த விசையைத்தான் மேல்துண்டு கீழ்த்துண்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பரப்பால் வகுங்கள், தகைவு கிடைத்துவிடும்.

இது புரிந்தால் ஒரு பழைய புதிர் தானாக அவிழும். ஒரு கயிற்றைச் சுவரில் கட்டி 100 நியூட்டன் விசையோடு இழுக்கிறோம். பிறகு சுவரை எடுத்துவிட்டு அந்த முனையில் ஓர் ஆளை நிறுத்தி, இருவரும் ஆளுக்கு 100 நியூட்டன் என்று எதிரெதிராக இழுக்கிறார்கள். கயிற்றின் தகைவு இரண்டு மடங்காகுமா? ஆகாது. முதல் தடவையும் சுவர் அதே 100 நியூட்டனோடு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. சுவர் சும்மா நிற்பதுபோல் தெரிவதால் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கே வெட்டிப் பார்த்தாலும் இரண்டு நிலையிலும் 100 நியூட்டன்தான்.

அலகு ஒன்றாக இருப்பதால் தகைவும் அழுத்தமும் ஒன்றே என்றும் தோன்றும். அசையாமல் நிற்கும் நீரில் ஒரு புள்ளியில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமம். திடப்பொருளில் அப்படியில்லை, ஒரு பக்கம் இழுவை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை என்றும் இருக்கலாம். தகைவுக்குத் திசை உண்டு. இழுத்தால் இழுவிசைத் தகைவு, அமுக்கினால் அமுக்கத் தகைவு, சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் சரிப்பதுபோல் தள்ளினால் சறுக்குப்பெயர்ச்சித் தகைவு. இந்தக் கட்டுரைக்கு இழுவை மட்டும் போதும்.

எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். எஃகுக் கம்பி ஒன்றை உயரத்திலிருந்து தொங்கவிட்டு நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால், எந்த எடையும் கட்டாமலே, தன் எடையைத் தாங்க முடியாமல் அது ஒரு கட்டத்தில் அறும். சாதாரண எஃகுக்கு அந்த நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். சரி, தடித்த கம்பியாகப் போட்டால்? அதே 5 கிலோமீட்டர்தான். தடிமன் கூடினால் தாங்கும் பரப்பும் கூடும், தொங்கும் எடையும் அதே விகிதத்தில் கூடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். 1638-இல் வெளிவந்த தன் நூலில் கலீலியோ செம்புக் கம்பிக்கு இதே கணக்கைப் போட்டிருக்கிறார். தகைவு என்ற கருத்தே அப்போது உருவாகியிருக்கவில்லை.

இதுவரை பார்த்தது: தகைவு என்பது பொருளுக்குள், ஓர் அலகு பரப்புக்கு வரும் எதிர்ப்பு விசை. பரப்பால் வகுத்ததும் 'கம்பி எவ்வளவு தடிமன்' என்ற கேள்வி கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

நீட்சிக்கும் அதே வைத்தியம்

50 சென்டிமீட்டர் நீளமுள்ள பச்சிளங்குழந்தை 5 சென்டிமீட்டர் வளர்ந்தால் பத்தில் ஒரு பங்கு வளர்ச்சி. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை அதே 5 சென்டிமீட்டர் வளர்ந்தால் முப்பதில் ஒரு பங்கு. அளவுகோல் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும், ஆனால் உடம்பு கண்ட மாற்றம் ஒன்றல்ல.

ஒரு மீட்டர்க் கம்பியைப் பத்துத் துண்டுகள் வரிசையாக ஒட்டிய சங்கிலியாகப் பாருங்கள். கீழே எடை கட்டினால் ஒவ்வொரு துண்டும் அதே விசையைத் தாங்குகிறது, ஆகவே ஒவ்வொன்றும் ஒரே அளவு நீள்கிறது. மொத்த நீட்சி துண்டின் நீட்சியைப் போல் பத்து மடங்கு. இரண்டு மீட்டர்க் கம்பியில் துண்டுகள் இருபது, நீட்சியும் இருபது மடங்கு. நீளமான கம்பி அதிகம் நீள்வதற்கு அதன் உலோகம் இளகியிருப்பது காரணமல்ல. நீள்வதற்கு அங்கே அதிகம் துண்டுகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே நீட்சியைத் தொடக்க நீளத்தால் வகுத்துவிடுகிறோம்.

திரிபு = நீளத்தில் வந்த மாற்றம் ÷ தொடக்க நீளம்

நீளத்தை நீளத்தால் வகுப்பதால் இதற்கு அலகு கிடையாது, வெறும் எண். திரிதல் என்றால் உருமாறுதல் (பால் திரிவதும் இந்த வினைதான்). உலோகங்களில் இந்த எண் மிகச் சிறியது: ஆயிரத்தில் ஒரு பங்கே பெரிய விஷயம். அதனால்தான் கம்பி நீள்வதை நாம் கண்ணால் பார்த்ததே இல்லை. ரப்பர் பேண்டில் திரிபு 3, 4 என்றுகூடப் போகும், அதாவது சொந்த நீளத்துக்கு மேல் மூன்று நான்கு மடங்கு கூடுதல் நீளம்.

ஆக, தகைவு தடிமனைக் கழித்துவிட்டது, திரிபு நீளத்தைக் கழித்துவிட்டது. கையில் இருக்கும் கம்பியின் உருவம் முழுக்கக் கணக்கிலிருந்து போய்விட்டது. மிஞ்சுவது பொருள் மட்டுமே. இந்த இரண்டு வகுத்தல்களும் வெறும் கணக்குச் சடங்கல்ல என்பதை இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டும்.

ஹூக்கின் புதிரும் யங்கின் எண்ணும்

ராபர்ட் ஹூக் 1676-இல் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். ஸ்பிரிங்குகளில் தான் கண்டுபிடித்த விதியை லத்தீனில் ஒரு வாக்கியமாக எழுதி, அதன் 14 எழுத்துகளையும் அகரவரிசையில் கலைத்துப்போட்டு அச்சிட்டுவிட்டார். யாராவது முந்திக்கொண்டால் 'எனக்கு முன்பே தெரியும்' என்று காட்டலாம். அதுவரை யாருக்கும் புரியவும் புரியாது. இரண்டு வருடம் கழித்து, 1678-இல் விடையை வெளியிட்டார்: நீட்சி எப்படியோ, விசையும் அப்படியே. இரண்டு மடங்கு விசை கொடுத்தால் இரண்டு மடங்கு நீட்சி.

ஹூக் பேசியது விசையையும் நீட்சியையும். ஒரு குறிப்பிட்ட ஸ்பிரிங்குக்கு அது சரி, இன்னொரு ஸ்பிரிங்குக்கு எண் மாறிவிடும். விசைக்குப் பதில் தகைவு, நீட்சிக்குப் பதில் திரிபு என்று வைத்தால் விதி பொருளைப் பற்றிய விதியாகிவிடுகிறது: சிறிய திரிபுகளில் தகைவு திரிபுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்த விகிதத்தின் மதிப்புதான் யங் குணகம்.

யங் குணகம் = தகைவு ÷ திரிபு

1807-இல் வெளியான தன் விரிவுரைகளில் இதுபோன்ற ஓர் அளவை விவரித்த தாமஸ் யங்கின் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. நாம் இன்று எழுதும் சுத்தமான வடிவம் அவருடையதல்ல. தகைவு என்ற கருத்தைக் கணிதமாக வடித்தவர் 1820-களில் பிரான்ஸின் கோஷி.

யங் குணகம் அளப்பது விறைப்பை. விறைப்பு என்றால் உருமாற மறுக்கும் பிடிவாதம். குணகம் பெரிதாக இருந்தால் அதே தகைவுக்குத் திரிபு குறையும். "குணகம் அதிகம், ஆகவே அதிகம் நீளும்" என்று தலைகீழாக எழுதுவது வழக்கமான தவறு. படிக்கும் காலத்தில் நானும் அப்படி எழுதிவிட்டு, சிவப்பு மையைப் பார்த்த பிறகும் காரணம் புரியாமல் இருந்தவன்தான்.

எண்களைப் பார்த்தால் பிடி கிடைக்கும். எஃகுக்கு ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல் (ஒரு ஜிகாபாஸ்கல் ஆயிரம் மெகாபாஸ்கல்). செம்புக்கு 120 அளவில். அலுமினியத்துக்கு 70. சாதாரணக் கண்ணாடிக்கும் கிட்டத்தட்ட அதே 70. மரத்துக்கு, அதன் நார் ஓடும் திசையில், 10-ஐ ஒட்டி. வைரத்துக்கு 1000-க்கும் மேல். மென்மையான ரப்பருக்கு ஜிகா எல்லாம் கிடையாது, சில மெகாபாஸ்கல்தான். அதாவது எஃகின் விறைப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு.

இந்த வரிசையில் அலுமினியமும் கண்ணாடியும் ஒரே எண்ணில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? ஒன்று வளையும், ஒன்று நொறுங்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு கணக்கு

ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள எஃகுக் கம்பியில் 10 கிலோ எடையைத் தொங்கவிடுகிறோம். எவ்வளவு நீளும்?

10 கிலோவின் எடை 98 நியூட்டன். 100 என்றே வைத்துக்கொள்வோம். பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர். தகைவு 100 மெகாபாஸ்கல். எஃகின் குணகம் 200 ஜிகாபாஸ்கல், அதாவது 2,00,000 மெகாபாஸ்கல். திரிபு = 100 ÷ 2,00,000 = 0.0005. ஒரு மீட்டர் என்பது 1000 மில்லிமீட்டர். ஆகவே நீட்சி அரை மில்லிமீட்டர்.

அதே அளவில் அலுமினியக் கம்பி என்றால் திரிபு 100 ÷ 70,000, நீட்சி ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர். எஃகுக் கம்பியையே இரண்டு மீட்டராக்கினால் நீட்சி ஒரு மில்லிமீட்டர். ஆனால் திரிபு அதே 0.0005. இந்தக் கடைசி வரி உடனே சரியென்று பட்டால் திரிபு உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

உள்ளே நடப்பது

எஃகு ஏன் இவ்வளவு பிடிவாதக்காரன்? திடப்பொருளுக்குள் அணுக்கள் ஒன்றுக்கொன்று ஒரு குறிப்பிட்ட தூரத்தில் நிற்கின்றன. இரும்பில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி ஏறத்தாழ 0.25 நானோமீட்டர். அந்த இடைவெளியைக் கூட்டினால் இழுத்துக்கொள்ளும், குறைத்தால் தள்ளிவிடும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத குட்டி ஸ்பிரிங் இருப்பதுபோல. கம்பி 0.0005 பங்கு நீள்கிறது என்றால், இழுக்கும் திசையில் அணுக்களின் இடைவெளிகள் ஏறத்தாழ அதே 0.0005 பங்கு அகல்கின்றன. கம்பியின் விறைப்பு என்பது அடிப்படையில் அந்தக் குட்டி ஸ்பிரிங்கின் விறைப்பு.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு விளைவு வருகிறது. எஃகைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கிக் கடினப்படுத்தலாம், கொஞ்சம் வேறு உலோகம் கலந்து வலிமையைப் பல மடங்கு கூட்டலாம். ஆனால் யங் குணகம் 200-ஐ விட்டுப் பெரிதாக நகராது. அணுப்பிணைப்புகளில் பெரும்பாலானவை இரும்புக்கும் இரும்புக்கும் இடையே உள்ளவைதானே, அவை மாறவில்லை. வலிமை கூடிய எஃகில் செய்த கம்பியும் சாதாரண எஃகுக் கம்பியும், ஒரே அளவாக இருந்தால், 10 கிலோவுக்கு ஒரே அரை மில்லிமீட்டர்தான் நீளும். 'நல்ல எஃகு போட்டால் தொய்வு குறையும்' என்ற எதிர்பார்ப்பு இங்கேதான் அடிபடுகிறது.

ரப்பரின் கதை வேறு. அதனுள்ளே நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கும் சுருளுமாகக் கிடக்கின்றன. இழுக்கும்போது அணுப்பிணைப்புகள் அவ்வளவாக நீள்வதில்லை. சுருள்கள் பிரிந்து நேராகின்றன. விட்டால் வெப்ப அசைவில் மறுபடி சுருண்டுகொள்கின்றன. ஒரு ரப்பர் பேண்டை உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்துப் பாருங்கள், லேசான சூடு தெரியும். எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்கும். உலோகக் கம்பி அப்படிச் செய்யாது.

கையில் இருப்பது பொருளா, உருவமா?

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்து வளைத்தால் வளைகிறது. விளிம்பாகத் திருப்பி வளைத்தால் அசைய மறுக்கிறது. பொருள் ஒன்றேதான், யங் குணகமும் ஒன்றேதான். அப்படியானால் கூடியது எது?

'விறைப்பு' என்ற சொல்லைப் பேச்சில் இரண்டு இடங்களில் பயன்படுத்துகிறோம் என்பதுதான் சிக்கல். ஒன்று பொருளின் விறைப்பு: யங் குணகம், உருவத்தைக் கண்டுகொள்ளாது. மற்றொன்று ஒரு தனிப் பண்டத்தின் விறைப்பு: இத்தனை மில்லிமீட்டர் அசைக்க இத்தனை நியூட்டன். ஸ்பிரிங் பாடத்தில் வரும் சுருள்வில் மாறிலி இந்த இரண்டாவது வகை. நேரான கம்பி ஒன்றுக்கு அது யங் குணகத்தைப் பரப்பால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் கிடைக்கும். நாம் பாடுபட்டுக் கழித்துவிட்ட தடிமனும் நீளமும் மறுபடி உள்ளே வந்துவிட்டன, பாருங்கள்.

வளைப்பதில் உருவத்தின் ஆட்டம் இன்னும் பெரிது. ஸ்கேல் வளையும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது, நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு நீளமே மாறாமல் இருக்கிறது. அந்த நடு அடுக்கிலிருந்து பொருள் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு அது எதிர்க்கும். கணக்கில் இது வளையும் திசையில் உள்ள தடிமனின் கன மடங்காக வருகிறது. 30 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஸ்கேல் விளிம்பாக நிற்கும்போது, தட்டையாக இருப்பதைவிட 100 மடங்கு விறைப்பு.

சுருள் ஸ்பிரிங்கும் அப்படித்தான். எஃகு 200 ஜிகாபாஸ்கல் என்றால் எஃகு ஸ்பிரிங் ஏன் இரண்டு விரலுக்கு அமுங்குகிறது? ஸ்பிரிங்கை அமுக்கும்போது கம்பி நீளவாட்டில் அமுங்குவதில்லை. நீளமான, மெல்லிய அந்தக் கம்பி தன் அச்சைச் சுற்றிக் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. சுற்றுக்குச் சுற்று சேரும் சிறு முறுக்குகள்தான் நமக்குப் பெரிய அமுக்கமாகத் தெரிகின்றன.

சுருக்கமாக: யங் குணகம் பொருளின் சொத்து. சுருள்வில் மாறிலி பண்டத்தின் சொத்து. ஒரு பண்டம் வளைகிறது என்பதை வைத்து அதன் பொருள் விறைப்பற்றது என்று முடிவுகட்ட முடியாது.

வலிமை என்பது வேறு கேள்வி

விறைப்பு 'எவ்வளவு உருமாறும்?' என்ற கேள்விக்கு விடை. வலிமை 'எப்போது தோற்கும்?' என்ற கேள்விக்கு விடை. இரண்டுக்கும் பாஸ்கல்தான் அலகு என்பதால் கலந்துவிடுவது எளிது.

ஒரு ஜெம் கிளிப்பை லேசாக விரித்து விடுங்கள். பழைய உருவத்துக்கு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் விரியுங்கள், விரித்தபடியே நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வரம்புக்கு மீட்சி எல்லை என்று பெயர். அதற்குள் இருக்கும்வரை அணுக்கள் தம் பக்கத்து அணுக்களை விட்டுப் பிரிவதில்லை, விசையை எடுத்ததும் இடத்துக்குத் திரும்புகின்றன. எல்லையைத் தாண்டினால் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் புதிய அண்டை அணுக்களோடு சேர்ந்துகொள்கின்றன. திரும்பி வர அவற்றுக்குக் காரணம் எதுவும் இல்லை. சாதாரண எஃகில் இது 250 மெகாபாஸ்கலை ஒட்டி நடக்கிறது. எஃகைக் கடினப்படுத்தும் வேலைகள் எல்லாம் இந்த வழுக்கலுக்குத் தடை போடுபவை. அதனால்தான் எல்லை எகிறுகிறது, குணகம் அப்படியே நிற்கிறது. இன்னும் இழுத்துக்கொண்டே போனால் முறிவுப் புள்ளியில் கம்பி அறும்.

இப்போது அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும் வரலாம். இரண்டும் தொடக்கத்தில் ஒரே விறைப்போடுதான் இழுபடுகின்றன. தகைவையும் திரிபையும் வரைபடமாகப் போட்டால் இரண்டின் கோடும் ஒரே சாய்வில் மேலே ஏறும். அலுமினியத்தின் கோடு ஓர் இடத்தில் தலைசாய்ந்து நீண்ட தூரம் ஓடும். அங்கே அடுக்குகள் வழுக்குகின்றன. கண்ணாடியில் ஒழுங்கான அடுக்குகளே இல்லை, அறை வெப்பநிலையில் வழுக்கலுக்கு வழியும் இல்லை. கோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று முடிந்துவிடும். இப்படி முன்னறிவிப்பில்லாமல் உடைவதற்கு நொறுங்கும் தன்மை என்று பெயர்.

கண்ணாடி உடையும் இடமும் சுவாரசியமானது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் உண்டு. பிளாஸ்டிக் உறையின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் எவ்வளவு எளிதாகக் கிழிகிறது! வெட்டின் முனையில் தகைவு குவிவதுதான் காரணம். கண்ணாடியின் கீறல் முனையிலும் அப்படியே குவிகிறது. 1920-களின் தொடக்கத்தில் கிரிஃபித் என்ற பொறியாளர், புதிதாக இழுத்த மெல்லிய கண்ணாடி இழைகள் தடித்த கண்ணாடியைவிடப் பல மடங்கு அதிகத் தகைவைத் தாங்குவதை அளந்து காட்டினார். கண்ணாடிப் பிணைப்புகள் வலுவானவைதான். கீறல்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகின்றன.

ரப்பரைவிட எஃகு 'மீட்சி' மிக்கதா?

பாடநூல்களில் வரும் வாக்கியம் இது: ரப்பரைவிட எஃகு அதிக மீட்சித்தன்மை உடையது. படித்த எல்லோருக்கும் ஒரு தடவையாவது 'இது எப்படி?' என்று தோன்றியிருக்கும்.

மீட்சி என்றால் விசையை எடுத்ததும் பழைய உருவத்துக்கு மீளுதல். பாடநூல் அந்த மீட்பின் வேகத்தையோ தூரத்தையோ பேசவில்லை. ஒரே திரிபை உண்டாக்கினால் திரும்பி வருவதற்காக உள்ளே எழும் தகைவு எதில் பெரிது என்று கேட்கிறது. அது எஃகில்தான் மிக மிகப் பெரிது. கேள்வியை மாற்றி, 'எவ்வளவு தூரம் இழுத்த பிறகும் மீளும்?' என்று கேட்டால் ரப்பர் எளிதாக வென்றுவிடும்: அது பல மடங்கு நீண்டும் திரும்பும், சாதாரண எஃகு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டியதுமே திரும்ப மறுக்கும். என்னைக் கேட்டால் அந்த வாக்கியத்தை 'எஃகு ரப்பரைவிட விறைப்பானது' என்று எழுதிவிட்டால் யாருக்கும் தலைசுற்றாது. ஆனால் தேர்வில் பாடநூல் சொன்னதையே எழுதுங்கள்.

நீளம் மாறாத தண்டவாளம்

கடைசியாக, தகைவும் திரிபும் எப்போதும் கைகோத்துத்தான் வரும் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கலாம்.

ஒரு எஃகுத் துண்டைத் தரையில் சும்மா வைத்துச் சீராகச் சூடாக்குங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். நீளம் மாறிவிட்டது, ஆனால் யாரும் தடுக்கவில்லை. உள்ளே தகைவு இல்லை.

அதே எஃகு, இரண்டு பக்கமும் அசையாமல் இறுக்கிய தண்டவாளமாக இருந்தால்? வெயிலில் 30 டிகிரி சூடேறுகிறது. அது 0.00036 பங்கு நீளப் பார்க்கிறது, முடியவில்லை. விரும்பிய நீளத்துக்கு விடாமல் அமுக்கி வைத்திருப்பதால், 0.00036-ஐ 2,00,000-ஆல் பெருக்கினால் வரும் 72 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு உள்ளே குடியேறுகிறது. அளவுநாடா வைத்து அளந்தால் நீளத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஹூக் விதி பொய்க்கவில்லை. எந்த நீளத்திலிருந்து திரிபை அளக்க வேண்டும் என்பதுதான் மாறிவிட்டது. சூடான எஃகுக்கு இயல்பான நீளம் இப்போது பெரிது, அதோடு ஒப்பிட்டால் தண்டவாளம் சுருக்கப்பட்ட நிலையில்தான் கிடக்கிறது.

இடைவெளியே விடாமல் பற்றவைத்த நீண்ட தண்டவாளங்களை, அந்தப் பகுதியின் கடுங்குளிருக்கும் கடும்வெயிலுக்கும் இடைப்பட்ட ஒரு வெப்பநிலையில் தகைவில்லாதபடி இறுக்குவது இதனால்தான். அந்த வெப்பநிலைக்கு மேலே போனால் அமுக்கம், கீழே போனால் இழுவை. அமுக்கம் அளவு மீறினால் தண்டவாளம் பக்கவாட்டில் பாம்புபோல் நெளிந்துவிடும். இழுவை அளவு மீறினால் பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும்.